வெள்ளிமலை பஸ்ஸும் ஒரு கம்ப்யூட்டர் காமெடியும்

என் மகள் நேற்று செல்போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியை வைத்து எடுத்த ஏதோ காமெடிப் படம். மேனேஜர் கத்துகிறார், புரோகிராம் எழுதுகிறவன் திருதிருவென்று விழிக்கிறான். "நீயும் இப்படித்தானாப்பா?" என்றாள். "இதைவிட மோசம்" என்றேன். பொய்யில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காபி மெஷினில் கப் வைக்காமலே பொத்தானை அழுத்தி, புது ஷூவுக்குக் காபி ஊற்றிய மகானுபாவன் நான்.

அந்த மெஷின் காபியின் வாசனை வந்தால் எனக்கு நண்பன் அண்ணாமலை ஞாபகம்தான் வரும். கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டிப் போக வேண்டும் அவன் ஊருக்கு. நான் அடிவாரத்துக் கச்சிராயபாளையம். ஒரே காலேஜில் படித்து, சென்னையில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். அவன் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் அவன்தான்.

ஒதுக்கீட்டை எதிர்த்து வடக்கே போராட்டம் நடந்த சமயம் அது. கேன்டீன் டிவியில் எந்நேரமும் அதே காட்சி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ரோட்டைப் பெருக்கினார்கள், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்கள். எங்களுக்கு இடம் கொடுத்தால் அவர்கள் பிழைப்பு இப்படியாகிவிடுமாம். ரோடு பெருக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். எங்கள் டீமில் எந்தப் புரோகிராம் மக்கர் செய்தாலும், "கோட்டா வேலைய காட்டிடுச்சுப்பா" என்று ஒருவர் அண்ணாமலை பக்கம் திரும்புவார். சுற்றிலும் சிரிப்பு. தப்பு வேறு யாருடையதோ என்று சாயங்காலம் தெரியவரும். அதற்காக யாரும் வந்து வருத்தம் சொன்னதில்லை. நானும் ஒதுக்கீட்டில் படித்தவன்தான், ஆனால் மலைக்காரன் என்பதால் எல்லாம் அவன் தலையிலேயே விடிந்தது.

ஒருநாள் பேப்பர் போட்டுவிட்டான். ராஜினாமாவுக்கு எங்கள் பாஷையில் அதுதான் பெயர். "அப்பாகிட்ட நேர்ல சொல்லணும்டா. நீயும் கூட வா" என்றான்.

நாங்கள் கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்தது சந்தை நாள். அவன் அப்பா பொன்னுசாமி மூட்டை இறக்கிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். முகமெல்லாம் பல். "கொட்டாயில உங்க ஆபீஸ் படம் ஓடுதாமே, வாங்க போலாம்" என்றார். மகன் என்ன வேலை செய்கிறான் என்று ஊரில் கேட்பவர்களுக்கு அவரால் விளக்கிச் சொல்ல முடியவில்லையாம். பார்த்துவிட்டால் சொல்லிவிடலாம் அல்லவா?

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தைக்கு இறங்கி வரும் மலைக்காரர்கள் மத்தியான ஆட்டம் பார்ப்பார்கள். ஆனால் எந்தப் படத்துக்கும் முடிவு பார்க்க மாட்டார்கள். படம் முடிவதற்குள் வெள்ளிமலைக்குக் கடைசி பஸ் வந்துவிடும். டிரைவர் நல்ல மனுஷர், கொட்டகை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். பாதிக் கொட்டகை எழுந்து ஓடும். முடிவை அடுத்த சந்தையில் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

அன்றைய படத்தில் ஹீரோ யாரென்றே மறந்துவிட்டது. காமெடியன்தான் நினைவிருக்கிறான். காட்டிலிருந்து வந்து, கோட்டாவில் கம்ப்யூட்டர் வேலை வாங்கியவன். கீபோர்டைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுகிறான், சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டுச் சுற்றுகிறான். கொட்டகையே அதிர்ந்தது. பொன்னுசாமி அண்ணாந்து, தொடையில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முன்வரிசைக்காரர் தோளைத் தட்டி, "எம்மவனும் இந்த மாரி ஆபீஸ்லதான் வேல செஞ்சிக்கினு கீறான்" என்றார்.

அண்ணாமலை என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு எழுந்து போய்த் திரையைக் கிழிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

ஹாரன் அடித்தது. அப்பாவும் மகனும் எழுந்து போனார்கள். நான் மட்டும் கடைசிவரை இருந்தேன். மேனேஜர் அந்தக் காமெடியனைக் குப்பை வண்டியில் தூக்கிப் போட்டு வாசலுக்குத் தள்ளிவிடுகிறார். ஆபீசே கை தட்டுகிறது. படத்திலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் எழுந்தது.

அடுத்த மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சந்தையில் பொன்னுசாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தக் காட்டுப் பையன் கடசீல இன்னா ஆனான்?"

"அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாங்கப்பா."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாமல அன்னிக்கு பஸ்லயே ஆபீஸ்ல நடந்த எல்லாத்தியும் சொல்லிட்டான். நீ நெசத்த சொல்லு. தொரத்திட்டாங்களா?"

"ஆமாம்ப்பா."

"அதுக்கும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கப்பா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும்தான தம்பி சிரிச்சிக்கினு இருந்தேன்" என்றார். "எம்புள்ள பக்கத்துல குந்திக்கினு கீறான், நான் சிரிக்கிறேன்."

அண்ணாமலை இப்போது மலையிலேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. பொன்னுசாமி போய்ச் சேர்ந்தும் சில வருஷமாகிறது. அந்தப் படத்துக்குப் பிறகும் அவர் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். கொட்டகைக்குள் மட்டும் நுழையவில்லை. மத்தியான ஆட்டம் ஓடும் நேரமெல்லாம், கடைசி பஸ் வரும்வரைக்கும், எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருவார்.