கண்ணுக்கு வந்த தீர்த்தம்

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்சி சிட்டியில் மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். எதிர்வீட்டு அம்மையார் ஏறக்குறைய என் வயதினர். அவருடைய பெற்றோர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். மாலைகளில் தேநீருக்கு வருவார். அவருடைய ஆங்கிலத்துக்கும் என் தமிழுக்கும் மருமகள்தான் பாலம்.

அவர் சொன்ன கதைப்படி, அயர்லாந்தின் காவல் புனிதர் தம் கைக்கோலால் பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டினாராம். பாம்பை அணியாகப் பூண்டவனையே நாள்தோறும் பாடுகிற எனக்கு அது சற்றுச் சங்கடமாக இருந்தது.

“எங்க சாமி அங்க போனா கழுத்துக்கு என்ன பண்ணுவார்? கேளும்மா,” என்றேன்.

அம்மையார் சிரித்தபடி பதில் சொன்னார்.

“அதுங்க எல்லாம் நீந்தி நியூ ஜெர்சிக்கு வந்துடுச்சாம் மாமா. பாதி இந்தத் தெருவுலயே குடியிருக்காம்.”

ஒரு மாலை அவர் கட்டைவிரல் அளவுப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். புனிதர் கோலூன்றிய இடத்தில் சுரந்த கிணற்று நீர். அக்கிணற்றை மும்முறை வலம்வந்து, பக்கத்து மரத்தில் துணி முடிவார்களாம். கேட்கக் கேட்க நம் தலபுராணம் போலவே இருந்தது. பார்ப்பதற்காகப் புட்டியை என் கையில் கொடுத்தார். நான் அதைக் கண்களில் ஒற்றி, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றி மூன்று முறை பருகினேன். எஞ்சிய ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

மருமகள் முகம் வெளிறியது.

“மாமா, அது குடிக்கறதுக்கு இல்ல. கண்ணுல தடவிக்கறதுக்கு. நாளைக்கு அவங்களுக்குக் கேட்டராக்ட் ஆபரேஷன். அதுக்காகவே அவங்க தங்கச்சி அங்க போய் மொண்டு அனுப்பினதாம்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“சொல்லிட்டிருக்கும்போதே குடிச்சிட்டீங்களே.”

அம்மையார் காலிப் புட்டியை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார். நான் கைகூப்பி நின்றேன். அவர் புட்டியை மூடிவைத்துவிட்டு, நடுவில் கிடந்த மேசையை நகர்த்தச் சொன்னார்.

“தண்ணி இப்ப உங்களுக்குள்ளதான் இருக்காம். அதனால நீங்கதான் கிணறாம். அசையாம நில்லுங்க மாமா,” என்றாள் மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கண்ணாடி போட்டும் மங்கிய பார்வையோடு, சோபாவின் விளிம்பைத் தடவியபடி, அவர் என்னை மூன்று முறை வலம்வந்தார். மரம் இல்லாததால் தம் கைக்குட்டையை என் மணிக்கட்டில் முடிந்தார். பார்வை வேண்டி இறைவனைக் கேட்கும் பதிகம் ஒன்றை நான் பாடினேன். கிணறு பாடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

நான்கு நாள் கழித்துக் கண்கட்டு இல்லாமல் வந்தவர், நேராக என் மணிக்கட்டைத்தான் பார்த்தார். கைக்குட்டை அங்கேயே இருந்தது. குளிக்கும்போதுகூட நான் அவிழ்க்கவில்லை. அவரே முடிச்சை அவிழ்த்தார், கண்ணாடி போடாமல்.