அக்கா என்னை வெளியேற்றிய மாலைகள்

சேவல் கூவும்... பின்னேரம் ஐந்து மணிக்கு.

எங்கள் கொக்குவில் வீட்டு ரீவித் திரைக்குள் இருந்த சேவல் அது. அந்தப் பண்ணை விளையாட்டில் ஒவ்வொரு புது நாளும் அதன் கூவலோடுதான் விடியும். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சேவல் குழம்பிப்போய்ப் பதில் கூவும்.

எழுபது வயதில் கேம் விளையாடினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தாவரவியல் படித்துப் பட்டம் பெற்றவள் நான். நட்ட நாலாம் நாள் கத்தரி காய்க்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த விளையாட்டைச் செய்தவர்கள்.

கொன்சோல் என்ற விளையாட்டுப் பெட்டியை அனுப்பியவன் கனடாவில் இருக்கும் என் பெறாமகன், அக்காவின் மகன். தாய்க்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆனால் விளையாட்டை வாங்கியது ஒரே தடவை, அக்காவின் கணக்கில். ஆகையால் பண்ணையும் ஒன்றே. அவள் விதைத்ததற்கு நான் தண்ணீர் விடுவேன். நான் நட்டதை அவள் பிடுங்குவாள்.

நிபந்தனை ஒன்று இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க முடியாது. அக்காவின் கொன்சோலுக்கே முதல் உரிமை. கனடாவில் அக்கா வீட்டில் பொழுது விடிந்து, அவள் தேத்தண்ணியோடு வந்தமர்ந்து விளையாட்டைத் தொடங்கினால், இங்கே என் திரை உறைந்துவிடும். இந்தக் கணக்கு வேறோர் இடத்தில் பயன்பாட்டில் உள்ளது என்று ஓர் அறிவிப்பு. அவ்வளவுதான்... மண்வெட்டியும் கையுமாக நான் வெளியே.

பெறாமகனிடம் கேட்டேன்.

“காசு குடுத்து வாங்கினதுதானேடா?”

“வாங்கினது கேம் இல்லை சித்தி. விளையாடுற அனுமதிதான்.”

“அப்ப நான் ஆர், வாடகைக்கு இருக்கிற ஆளோ?”

“அதுவும் இல்லை. விருந்தாளி.”

உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்குள் போக அனுமதி கேட்டு நிற்பது எங்கள் பக்கத்தாருக்குப் புதிதல்ல. ஆகவே பழகிக்கொண்டேன்.

இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் அது திறக்காது. மின்வெட்டு நாட்களில் பற்றரியில் ரீவியை ஓட்டிப் பார்த்தேன். விளையாட்டு முழுவதும் என் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஆனாலும் கடல் கடந்து யாரையோ கேட்காமல் கதவைத் திறக்க மறுத்தது.

பிறகு மாட்டுச் சண்டை வந்தது.

நான் வளர்த்த மாட்டை அக்கா விற்றுவிட்டாள். தொலைபேசியில் கேட்டேன்.

“என்ரை மாட்டை ஏன் வித்தனீ?”

“அது பால் தராத மாடு. நிண்டு திண்டதுதான் மிச்சம். பட்டம் வாங்கின உனக்கு ஒரு மாட்டை வளர்க்கத் தெரியேல்லை.”

“உனக்கு விக்கத்தான் தெரியும்.”

அதோடு கதை நின்றது. இல்லாத ஒரு மாட்டுக்காக இரண்டு கிழவிகள் பேசாமல் இருந்தோம். முதலில் அவள் அழைப்பு எடுக்கட்டும் என்று நான் இருந்தேன். அவளும் அப்படியே இருந்திருப்பாள்.

ஆனால் ஐந்தரை மணியளவில் என் திரை உறையும். எழும்பிவிட்டாள், தேத்தண்ணி குடிக்கிறாள், கை கால் இயங்குகிறது... வேறென்ன செய்தி வேண்டும்? திட்டிக்கொண்டே கொன்ட்ரோலரை வைத்துவிட்டு விளக்கேற்றப் போவேன்.

ஒருநாள் உறையவில்லை.

ஆறு மணியாயிற்று. சேவல் மறுபடி கூவியது, புது நாள் விடிந்தது, நான் கத்தரி ஆய்ந்துகொண்டே இருந்தேன். பிந்தி எழும்பியிருப்பாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. டொக்ரரிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். படித்த புத்தி சும்மா இருக்குமா? விளையாட்டு ஓடுகிறது, ஆகவே இணைப்பு இருக்கிறது. இணைப்பு இருந்தும் என்னை யாரும் வெளியேற்றவில்லை, ஆகவே அக்கா அங்கே இல்லை.

அந்தப் பண்ணை அவ்வளவு பெரிதாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. யாரும் துரத்தாமல் அதற்குள் நடந்துகொண்டிருந்தேன். விளைந்ததெல்லாவற்றையும் அறுத்து முடித்தேன். 

மூன்றாம் நாள் மானத்தை விட்டு அக்காவுக்கு எடுத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பெறாமகனுக்கு எடுத்தேன்.

“அம்மா குளியலறையிலை விழுந்திட்டா சித்தி. இடுப்பு எலும்பிலை வெடிப்பு. ஆசுப்பத்திரியிலைதான் இருக்கிறா. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவா.”

“ஏனாம்?”

“நீங்கள் யோசிச்சுக் கவலைப்படுவியளாம்.”

யோசிக்காமல் இருந்தேன் என்று நினைத்தாள் போலும்.

அதன் பிறகும் ஐந்து மணிக்குப் போய் அமர்ந்தேன். விளையாட அல்ல... வெளியேற்றப்படுவதற்காக. கிழமைகள் போயின. ஒரு பின்னேரம் பயிருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வாளி அந்தரத்தில் நின்றது. அறிவிப்பு வந்தது. ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தேன்.

மறுநாள் உள்ளே போனபோது கொட்டிலில் ஒரு புது மாடு நின்றது. நிறம் வேறு. வைக்கோலும் வைக்கவில்லை. அவளுக்கும் மாடு வளர்க்கத் தெரியாது.

இப்போது நிலைமை திருந்திவிட்டது. என் பிறந்தநாளுக்குப் பெறாமகன் எனக்கென்று தனிக் கணக்குத் திறந்து, அதே விளையாட்டைத் திரும்பவும் வாங்கித் தந்திருக்கிறான்.

“இனி ஒராளை ஒராள் வெளியிலை கலைக்கத் தேவையில்லை சித்தி,” என்றான் பெருமையாக.

நல்ல பிள்ளை. என்னிடம் இப்போது முழுப் பண்ணை இருக்கிறது, நாலு மாடுகள் நிற்கின்றன, ஐந்தரைக்கு எதுவும் உறைவதில்லை. ஆகையால் தொலைபேசி எடுக்க வேண்டியிருக்கிறது.

“எப்பிடி இருக்கிறாய்?”

“எனக்கென்ன, நல்லாய்த்தான் இருக்கிறன்.”

விழுந்து கிடந்தபோதும் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஆகவே அவள் கதைக்கும்போது நான் பின்னால் கேட்கும் சத்தத்தைக் கவனிப்பேன். அவளுடைய ரீவியில் சேவல் கூவுகிறதா என்று.

நேற்றுக் கூவவில்லை.

“சத்தத்தைக் குறைச்சு விட்டிருக்கிறன்,” என்றாள்.

“ஓம்,” என்றேன். வைத்ததும் பெறாமகனின் இலக்கத்தை அழுத்தினேன்.