மஞ்சள் டேக்கின் பின்பக்கம்

நம்மவர்களுக்கு ஒரு பழைய குக்கரைக்கூடச் சும்மா கொடுத்துவிட்டுப் போகத் தெரியாது. சான்டா கிளாராவில் ஒரு த்ரிஃப்ட் ஸ்டோரின் பின்வாசலில் நான்கு வருஷம் நின்றவள் சொல்கிறேன். ஊர் இனாமாகக் கொடுக்கும் பழைய சாமான்களை வாங்கி, விலை போட்டு விற்கிற கடை அது. அமெரிக்கர்கள் வருவார்கள், கார் டிக்கியைத் திறந்து பையை நீட்டுவார்கள், வருமான வரிக்கு ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நம்மவர்கள் விளக்கம் சொல்லியாக வேண்டும். "ஒரே தடவை கட்டினதுங்க, மாமியார் எடுத்தது, எனக்கு இந்தக் கலர் செட் ஆகல." "குக்கர் நல்லாத்தான் இருக்கு, பெரிசா ஒண்ணு வாங்கிட்டோம், அதான்." காரைக் கிளப்பிய பிறகும் கண்ணாடியை இறக்கி இன்னொரு வரி சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த பையைத் தூக்குவேன். அதெல்லாம் வெட்டிப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

சென்னையில் கிண்டிப் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் நான். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தால் எந்தத் தையல் எப்போது விடும் என்று சொல்லிவிடுவேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது என் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஒரு வருஷம் அபார்ட்மெண்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் முடியாது என்று ஒரு நாள் எழுந்து போய் அந்தக் கடையில் சம்பளமில்லாத வாலண்டியராகச் சேர்ந்தேன்.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஃப்ரெண்ட்ஸ் யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க? பழைய துணிக் கடையில நிக்கறான்னு சொல்ல மாட்டாங்க?"

"சொல்லட்டும். நிக்கத்தானே போறேன்."

கோபித்துக்கொண்டாலும் காரில் கொண்டுவந்து விடுவார். ஆனால் எங்கள் கடை முன்னால் நிறுத்த மாட்டார். இரண்டு கடை தள்ளி, நாய்த்தீனி விற்கும் கடை வாசலில் இறக்கிவிடுவார். நாங்கள் நாய் வளர்க்கவில்லை.

கடைக்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு. டிசம்பர் கடைசி வாரம் வரி ரசீதுக்காகக் கார்கள் தெருவரை வரிசை கட்டும். வசந்தம் வந்தால் அலமாரியைச் சுத்தம் செய்கிறவர்கள் வருவார்கள். அக்டோபரில் ஹாலோவீன் வேஷத்துக்காகக் கூட்டம் அள்ளும். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு சாமானிலும் அந்த வாரத்துக்கு உரிய வண்ணத்தில் ஒரு சின்ன அட்டை, டேக், குத்துவோம். ஒரு வாரம் மஞ்சள், அடுத்த வாரம் பச்சை, அப்படியே ஐந்து வண்ணம். நான்காவது வாரம் பாதி விலை. ஐந்து வாரம் முடிந்தும் தொங்கிக்கொண்டிருந்தால் அது எடைக்குப் போய்விடும். துணியானால் பெரிய மூட்டையாகக் கட்டிக் கந்தல் வாங்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கிரைண்டர் வந்தது. அதன் கற்கள் பூந்தொட்டிகளுக்கு நடுவே தோட்டச் சாமானாக உட்கார்ந்திருந்தன. பாத்திரம் சமையல் பகுதியில் இருந்தது. மோட்டாரைக் குப்பைப் பெட்டியில் கண்டுபிடித்தேன். மூன்றையும் ஒன்று சேர்த்து மேனேஜர் முன்னால் வைத்து, இதில் என்ன செய்வோம் என்று விளக்கினேன். அவர் அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி. முழங்கால் வலியோடு நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர். கேட்டுவிட்டு, "அப்படியானால் இதற்கு நீயே விலை போடு" என்றார். அன்றுதான் டேக் குத்தும் கருவி முதன்முதலாக என் கைக்கு வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

ஆனால் புடவை விஷயத்தில் எனக்கும் கடைக்கும் ஒத்துப்போகவில்லை. தையலே இல்லாத ஆறு கஜத் துணியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. திரைச்சீலை என்று நினைத்துப் போர்வைகளோடு போடுவார்கள், அக்டோபரில் பூதத்தின் வேஷத்துக்கு ஒன்றிரண்டு போகும், மற்றதெல்லாம் எடைக்கு. ஒரு நாள் அசல் காஞ்சிபுரம் ஒன்று கிழிந்த ஜீன்ஸ்களோடு மூட்டைக்குள் போவதைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூட்டைக்குள் தலைகீழாக இறங்கி அதை இழுத்தெடுத்தேன். நம் துணிகளுக்கென்று ஒரு தனி ஸ்டாண்டு வேண்டும் என்று அன்றிலிருந்து மேனேஜரை விடாமல் நச்சரித்தேன்.

அதற்கு நேரம் வந்தது 2001-இல்தான். டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த வருஷம். அதற்கு முன் எங்கள் பின்வாசலுக்கு வந்ததெல்லாம் பிரிக்காத பெட்டியோடு வந்த சாமான்கள். காசு புழங்கிய ஊர். இப்போது நம்மவர்களின் வேன்கள் வர ஆரம்பித்தன. வேலை போய், விசா போய், ஊருக்குத் திரும்புகிறவர்கள். சோபா, மைக்ரோவேவ், பட்டுப்பாவாடை, பரதநாட்டிய உடை, பருப்பு டப்பா. வைக்க இடம் இல்லாமல் கட்டடத்துக்கு வெளியே கூடாரம் போட்டோம்.

அந்த வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் கணவரும் வேலை போய், ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். எங்களுக்கு கிரீன் கார்டு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் வாடகை கொடுக்க வேண்டும். நானும் இப்போது சம்பளம் வாங்கலாம்.

திங்கட்கிழமையே மேனேஜரிடம் போனேன். விலை போடுகிறவர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார், அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. மேசை நாற்காலிக்கு விலை போடத் தெரிந்த ஆள் ஒருவர் காத்திருக்கிறார் என்றார். பிறகு, "உன் ஸ்டாண்டை வைத்துக்கொள். இந்த வாரம் மஞ்சள். மஞ்சள் மறுபடி வருவதற்குள் இதில் பாதியாவது விற்றால் வேலை உனக்கு. இல்லையென்றால் ஸ்டாண்டையும் எடுத்துவிடுவேன்" என்றார். சரி என்றேன். புடவை, நாட்டிய உடை, குக்கர் என்று நாற்பது சாமான்கள், நாற்பது மஞ்சள் டேக். நானே குத்தினேன்.

மூன்று வாரத்தில் போனது நான்கு. நம் பெண்கள் வராமல் இல்லை. வருவார்கள், "அய், பட்டு!" என்பார்கள், முந்தானையை விரல் நுனியால் தொடுவார்கள், கையைத் துடைத்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். விடாமல் கேட்டபோது ஒருவர் சொன்னார்: "யாரு கட்டினதோ என்னவோங்க. இருக்கவங்களோடதா, போனவங்களோடதான்னுகூடத் தெரியாது."

மேனேஜரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான்காவது வாரம், பாதி விலை போட்ட அன்று, ஒரு பச்சைப் புடவையைத் தூக்கிக் காட்டி, "நீ இதை உடுத்துவாயா?" என்று கேட்டார். "ஓ, தாராளமாக" என்றேன். சொன்னது பொய். நான்கு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட நான் அங்கிருந்து எனக்கென்று எடுத்ததில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஊரார் தொட மாட்டேன் என்கிறார்களே என்று பொருமுகிறவள், நான் மட்டும் தொட்டேனா? அந்தப் பச்சைப் புடவையைக் காசு கொடுத்து வாங்கினேன். அது நான் லீவில் இருந்த நாளில் வந்தது, யார் கொடுத்ததென்று தெரியாது. வீட்டில் இரண்டு முறை அலசிக் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஃப்ரீவே மலை ஏறும்போது கணவர் கேட்டார். "இதைக் கட்டிட்டா கோயிலுக்கு வர்ற? யாரோடதுன்னே தெரியாம?"

"நம்ம வீட்டு சோபா யாரோடதாம்? அதுல படுத்துத்தானே டிவி பாக்கறீங்க?"

"அது வீடு காலி பண்ணவங்களோட மூவிங் சேல்ல வாங்கினது. தெரிஞ்ச வீடு. அதுவும் இதுவும் ஒண்ணா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொன்னதில் இருந்த விஷயம் கோபத்தில் எனக்கு ஏறவில்லை.

தரிசனம் முடிந்து, புளியோதரைக்கு வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்த பெண் கேட்டார். "புடவை ரொம்ப நல்லாருக்கே. சென்னைல எடுத்ததா?"

என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. "இல்லங்க. சான்டா கிளாரால, எங்க த்ரிஃப்ட் ஸ்டோர்ல."

அவர் "ஓ" என்றார். அரையடி தள்ளி நின்றார். முன்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த பூஜை அட்டவணையை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல். "அது என்னோட புடவை."

என் வயசுதான் இருக்கும் அவருக்கு. கிட்டே வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். "என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டினது. ஒரே தடவை. அவருக்கு வேலை போயிடுச்சு, அடுத்த வாரம் ஊருக்கே போறோம். பெட்டியில இடம் இல்லன்னு குடுத்துட்டேன். யாராவது கர்ட்டனா தச்சுடுவாங்கன்னு நெனச்சு அன்னிக்கு ராத்திரி அழுதேன். நீங்க கட்டியிருக்கீங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அரையடி தள்ளிப் போன பெண் திரும்பி வந்தார். தானும் முந்தானையைப் பிடித்துப் பார்த்தார். இந்த முறை கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ஒரே தடவைதானா? அப்ப புதுசுதான். அங்க இன்னும் இருக்குதாங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். நம்மவர்களுக்குப் பழசு பிரச்சினை இல்லை, யாருடையது என்று தெரியாததுதான் பிரச்சினை. அது எனக்குத் தெரியுமே! பின்வாசலில் நின்று வெட்டிப் பேச்சு என்று தலையாட்டிக் கேட்டதெல்லாம் அதுதானே!

மறுநாள் காலை ஒவ்வொரு மஞ்சள் டேக்கையும் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். தெலுங்கு வீட்டுக்காரர்களும் குஜராத்தி வீட்டுக்காரர்களும் படிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். 'மாமியார் எடுத்தது, மருமகளுக்கு நிறம் பிடிக்கவில்லை.' 'ஆண்டு விழாவில் ஒரு முறை ஆடியது. குழந்தை வளர்ந்துவிட்டாள்.' 'பெரிய குக்கர் வாங்கிவிட்டார்கள்.' நினைவுக்கு வராதவற்றில், 'யாருடையது என்று தெரியவில்லை. கறை இல்லை, கிழிசல் இல்லை, நானே பார்த்தேன்' என்று எழுதினேன். மேனேஜர் நான்கைந்தைப் படித்துவிட்டு, கொடுத்தவர்களின் பெயர் மட்டும் கூடாது என்றார். பெயர் எனக்கும் தெரியாது.

அந்த வாரமே வந்தார்கள். முதலில் போனவை நாட்டிய உடைகள். ஊரில் தைத்து வர மாதக்கணக்காகும், அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். அம்மாக்கள் டேக்கைத் திருப்பிப் படித்து, பெண்ணின் இடுப்பில் வைத்து அளந்தார்கள். கோயிலில் என் பக்கத்தில் நின்ற பெண் இரண்டு தோழிகளோடு வந்து, மருமகளுக்குப் பிடிக்காத நிறத்தை வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை கடை மூடும்போது ஸ்டாண்டில் மூன்று மஞ்சள் டேக் மிச்சம். மேனேஜர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த மூன்றையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "இவை எடைக்கு. நீ திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துவிடு. இனி சம்பளத்துக்கு நேரம் பதிகிற அட்டை உனக்கும் உண்டு."

கோடை முற்ற முற்ற நிலைமை மாறியது. ஊருக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். இருந்தவர்கள் இருந்ததை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பின்வாசலில் பைகள் குறைந்தன, முன்வாசலில் கூட்டம் பெருகியது. முன்பு கொடுக்க வந்த அதே கார்கள் இப்போது வாங்க வந்தன.

அதற்கெல்லாம் முன்னால், சம்பளத்துக்கு நான் போன முதல் திங்கட்கிழமை, என் கணவர் நாய்த்தீனிக் கடையைத் தாண்டி வந்து எங்கள் பின்வாசலிலேயே காரை நிறுத்தினார். இறங்கி, டிக்கியைத் திறந்து, கம்பெனி பெயர் போட்ட தன் நீல ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். மூடிப்போன கம்பெனிகளின் பெயர் போட்ட துணிகள் எங்களிடம் மலையாகக் கிடந்தன. எல்லாம் நேரே எடைக்குத்தான் போகும். அவருக்கும் அது தெரியும்.

"ரசீது வேணுமா சார்?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை. "அஞ்சு வருஷம் போட்டது. ஜிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்ள லைனிங்கும் கிழியல" என்றார்.

நான் டேக் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டினேன். 'ஐந்து வருஷம் நன்றாக உழைத்த ஒருவர் அணிந்தது. நல்ல நிலையில் இருக்கிறது.'

அதை இரண்டு முறை படித்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் இங்கயே வந்து நிக்கறேன்" என்று சொல்லிப் போனார்.

ஜாக்கெட் முதல் வாரத்திலேயே விற்றுப்போனது. யார் வாங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரம் பின்வாசலில் ஒரு பெண் தன் குக்கரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பேனாவும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.