ஹாஃப் ஒயிட் ஜவஹர்

தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையின் பட்டு மாடியில் ஹாஃப் ஒயிட் புடவைக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசே தனி. அரக்கு கேட்டு வரும் கல்யாணக் கோஷ்டி சந்தனக் கலரை வாங்கிக்கொண்டு இறங்கும். ஃபேஷன் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் ஜவஹர் அண்ணன். பக்கத்து ரவிக்கைத் துணி கவுண்டரில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான், தங்கபுஷ்பம்.

அண்ணனுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். புடவையைத் தன் தோளில் போட்டு முந்தியை விசிறிக் காட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மீசைக்காரர் மேல் போட்டே புடவை அவ்வளவு அழகாகத் தெரியும் என்றால் பாருங்களேன்.

பிறகுதான் தலை, கழுத்து, முழங்கை எல்லாம் சொரியாசிஸ் வந்தது. ஒருநாள் அவர் விரித்த கறுப்புப் பட்டில் செதில் உதிர்ந்ததை ஒரு அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாபா இது, நமக்கும் ஒட்டிக்கப் போவுது" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அது ஒட்டுகிற நோயே இல்லை. அந்தம்மாவைப் பிடித்து உலுக்கலாம் போல எனக்கு ஆத்திரம்.

முதலாளி அண்ணனைக் கிடங்குக்குப் போகச் சொன்னார்.

"வெளிர் கலர் மட்டும் காட்டுதேன் அண்ணாச்சி. அதுல விழுந்தாலும் தெரியாது" என்று கெஞ்சி, அண்ணன் மாடியிலேயே நின்றார்.

அவர் மனைவி சந்திரிகாவை நான் மதினி என்பேன். தினமும் காலையில் வாசலில் அவர் தோளில் உதிர்ந்த செதிலைத் தட்டிவிட்டுத்தான் மதினி வேலைக்கு அனுப்புவார். மதினிக்கு இருந்தது ஒரே ஆசை. கருநீலப் பட்டு, அதுவும் அண்ணன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன், "கருநீலம் உனக்கு எடுபடாது" என்று புளுகிவிட்டு வெளிர் கலரையே கொண்டுபோவார்.

அபிராமபுரத்தில் தோல் டாக்டர் ஷீலா, "வாழ்க்கை எப்படிப் போகுது?" என்று கேட்டால் அண்ணன் கலரில்தான் பதில் சொல்வார்; கலர் அடர அடர உடம்பு தேறுகிறது என்று கணக்கு. தார்க் களிம்பு பூசிய காலத்தில், "ஹாஃப் ஒயிட்லயே நிக்கேன் டாக்டர்." கவுண்டரே புதுசாகப் போட்ட ரோடு மாதிரி நாறும். நான் கூடுதலாகச் சாம்பிராணி போடுவேன். புகையில் இருமிக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். இப்போது மாடி முழுக்க ஏசி, ரூம் ஸ்பிரே. அந்தப் புகைக்காக மனசு ஏங்குகிறது.

அடுத்து வெளிச்ச சிகிச்சை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் விளக்குப் பெட்டிக்குள் நின்றுவிட்டு வருவார். ரோஸ் கலர் வரைக்கும் ஏறினார். பிறகு வாரம் ஒருமுறை மாத்திரை. மயில் பச்சை வரை வந்துவிட்டார். ஆனால் மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலில் முகம் வெளிறிக் கிடக்கும். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கெடுவதாகத் தெரிந்ததும் அதையும் நிறுத்தினார்கள். செதில் திரும்பி வந்தது. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்.

"இனிமே அவளுக்குக் கருநீலம் காட்டவே மாட்டேன் போல, புஷ்பம்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

போன வருஷம் இன்சூரன்ஸில் ஊசி கிடைத்தது. சில மாதத்தில் தோல் தெளிந்தது. அரைக்கை சட்டையில் அவரைப் பார்த்தபோது யாரோ புது ஆள் என்று நினைத்தேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம், மதினியைக் கடைக்கு வரச் சொன்னார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்து, அலமாரியிலிருந்து கருநீலத்தை எடுத்தார். தோளில் போட்டு, முந்தியை விசிறிவிட்டு நின்றார்.

மதினி எழுந்து வந்து, பழக்கதோஷத்தில் அவர் தோளைத் தட்டினார். ஒன்றும் உதிரவில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"எடுபடாதுன்னீங்களே?"

"பொய்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றார் மதினி. "அதான் வேற யாரையும் காட்டச் சொல்லலை."