எல்லை மிதவைக்கு அருகே ஒரு வலை

கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டைச் சுற்றி மிதவைகளால் எல்லை போட்டு, அதற்குள் இனி யாரும் வலை போடக் கூடாது என்று மீனவர் சங்கத்தில் முதலில் கைதூக்கியவர் ஒரு படகுக்காரர்தான். மீன்கள் முட்டையிடும் இடம் அது. பதிலுக்கு, எல்லைக்கு வெளியே ஊர்ப் படகுகள் மீன்பிடிக்கும் இடத்துக்குப் பெரிய மீன்பிடிக் கப்பல்கள் வராதபடி அதிகாரிகளோடு மல்லுக்கட்டித் தடையும் வாங்கினார்.

"எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே மச்சான்!" என்று கத்தினான் அவர் மனைவியின் தம்பி; அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

இரண்டு வருடம் எல்லோருக்கும் பிழைப்பு இழுபறிதான். அவர் அசையவில்லை.

அடுத்த வருடம் ஒரு காலை, வயர்லெஸ்ஸில் மச்சினன் குரல் அலறியது: "மச்சான், மிதவைகிட்ட நிக்கிறேன். வலையைத் தூக்க முடியல, சீக்கிரம் வாங்க!"

இரண்டு படகும் சேர்ந்து இழுத்தபோது, பாறைத்திட்டில் பெருகி எல்லை தாண்டி வந்த கை நீள மீன்கள் தளமெங்கும் துள்ளின.

"வாயைத் திறந்துட்டியே மாப்ளே!" என்று சிரித்தார் அவர். "இன்னும் சத்தமா சொல்லு, துறைமுகம் பூரா கேக்கட்டும்!"