ஏழாம் படத்துக் கல்

தெருவில் அவருக்குப் பெயர் கற்காலம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மின்கட்டண ரசீதோடு நின்றுவிட்டது. "கற்காலம் வர்றாரு, வண்டிய நகர்த்து" என்பார் மளிகைக்கடைக்காரர். கற்காலம் வீடு எது என்று யாராவது கேட்டால் சிரிக்காமல் வழி சொல்ல அந்தத் தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

காரணம், அவர் பார்த்த உத்தியோகம். வரலாற்றுக்கு முந்தைய கால ஆய்வுக்கென்று ஒரு காலாண்டிதழ். எழுத்து என்று ஒன்று பிறப்பதற்கு முன்னால் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போன மனிதர்களைப் பற்றி ஓயாமல் எழுதித் தள்ளுகிற பத்திரிகை. அதன் துணையாசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், புகைப்படக்காரர், தபால்தலை ஒட்டுபவர் எல்லாம் இவரே. அலுவலகம், ஆய்வு நிறுவனத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த சரிவுக்கூரை அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆகவே ஆதிமனிதன் படங்களில் காணும் அந்தக் கூனல் அவருக்குப் பதவியோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அதற்கு முன் அவர் தொலைபேசி எண் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவர். "அதையாவது ஜனங்க புரட்டிப் பார்த்தாங்க" என்பது அவர் மனைவியின் துணிபு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. காலாண்டிதழில் வரும் கட்டுரை ஒவ்வொன்றையும் மூவர் படித்தனர்: எழுதியவர், எழுதியவரின் எதிரி, கற்காலம். எழுதியவர் முழுதாகப் படித்தாரா என்பதும் ஆய்வுக்குரியதே. மெய்ப்பு அனுப்பினால் தம் பெயருக்கு நேரே மட்டும் ஒரு டிக் போட்டு, 'பிரமாதம்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.

இப்படிச் சாந்தமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்வில் புது இயக்குநர் வந்தார். சுவரில் வரைபடம் மாட்டுகிற இனம். அவரோடு கூடவே 'தாக்க எண்' என்ற ஒன்றும் வந்தது. ஒரு பத்திரிகையில் வந்ததை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை தங்கள் கட்டுரைகளில் சுட்டிக்காட்டுகிறார்கள் என்று கூட்டி, வந்த கட்டுரைகளின் தொகையால் வகுத்தால் அந்த எண். 'இந்த மேதை கூறியதுபோல்' என்று சுட்டினாலும் ஒன்றுதான், 'இந்த மடையன் உளறியதுபோல்' என்று சுட்டினாலும் ஒன்றுதான். அறிவியல் பாரபட்சம் பார்ப்பதில்லை.

"உங்க பத்திரிகையோட எண் என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு சார்."

"அதுலயும் பாதி நீங்களே தலையங்கத்துல சுட்டிக்காட்டினது."

"யாராவது ஆரம்பிச்சு வைக்கணும்ல சார்."

"அடுத்த கணக்குல எண் ஒண்ணைத் தொடலேன்னா இதழை மூடிடலாம். அந்த ரூம் காபி மெஷினுக்குச் சரியா இருக்கும். அளந்து பாத்துட்டேன்."

கற்காலம் இடிந்துபோனார். கற்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கண்ணுக்கு எல்லாக் கல்லும் கல்தான். ஆனால் அச்சில் ஒரு கமா இடம் மாறியிருந்தால் செருப்பில் மணல் புகுந்த மாதிரி அவரால் நடக்க முடியாது. இதழின் கடைசிப் பக்கத்தில் 'பிழைதிருத்தம்' என்று ஒரு பகுதி வைத்திருந்தார். உலகில் யாரும் கவனித்திராத பிழைகளைத் தாமே கண்டுபிடித்து, தாமே வருந்தி, தாமே திருத்தி அங்கே வெளியிடுவார். அந்தப் பக்கம் போய்விட்டால் தாம் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

இந்த மனநிலையில்தான் பேராசிரியை ஒருவர் ஆற்றங்கரையில் கண்டெடுத்த கைக்கோடரிகளைப் பெட்டியில் போட்டு, படம் எடுத்துக்கொள்ளும்படி அனுப்பிவைத்தார். மரப்பிடி இல்லாமல், உள்ளங்கையில் பற்றிக்கொண்டு வெட்டவும் கொத்தவும் பயன்பட்ட கற்கள். கற்காலம் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தார். நல்ல வெளிச்சம் அவர் மனைவியின் தையல் அறை ஜன்னலில்தான் விழும்.

அந்த அம்மாள் தையல்காரி. இடது கைக்காரி. இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோலை வேறு யாராவது தொட்டால் வீடு அதிரும். மேஜையில் ஒரு கல்லும் வைத்திருந்தார். சட்டையில் அமுக்குப் பொத்தான் வைத்து அடிக்க அதுதான் கருவி. "சுத்தியல் வாங்கித் தரேனே" என்று கணவர் கெஞ்சியும் கேட்கவில்லை. கல்தான் கைக்கு வாகாக இருக்கிறதாம். அந்தக் கல்லின் ஒரு பக்கம் பெரிதாகச் சிதறிப்போயிருந்தது. அதற்கும் கணவரே காரணம். முன்பொரு முறை ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை உடை வெட்டக் கிடந்த மேஜையில், மண் ஒட்டிய கற்களை அவர் பரப்பிவிட்டார். அம்மாள் கையிலிருந்த கல்லை மேஜையின் இரும்பு விளிம்பில் ஒரே போடு போட்டார். தெறித்த சில்லு கற்காலத்தின் காதோரம் போனது. அன்றிலிருந்து அவர் அனுமதி கேட்டு, கறுப்புத் துணி விரித்துத்தான் எதையும் வைப்பார்.

கல்லைப் படம் எடுப்பதில் அந்தத் துறைக்கு ஒரு முறை உண்டு. வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும். அதைச் சரிபார்க்க முதலில் ஏதாவது ஓர் ஒப்புக்குச் சப்பாணிக் கல்லை வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். கற்காலம் மனைவியின் பொத்தான் கல்லை வைத்தார். பக்கத்தில் அளவுகோலையும் வைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு பேராசிரியையின் கற்களை வரிசையாக எடுத்தார். பக்கம் கட்டும்போது ஒத்திகைப் படம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நிஜமான ஏழாவது கல்லின் படம் கழிவோடு போனது. கீழே 'படம் ஏழு: கைக்கோடரி' என்று ஓர் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தது. பேராசிரியை தம் பெயருக்கு நேரே டிக் போட்டார். பிரமாதம்.

இதழ் வெளிவந்ததும் உலகம் வழக்கம்போலத் தூங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். தூங்கவில்லை. முதலில் ஓர் அறிஞர், 'ஏழாம் படத்துக் கல் இதுவரை காணாத வகை' என்று எழுதினார். இன்னொருவர், 'அது கோடரியே அல்ல, வெறும் கூழாங்கல். கண் மருத்துவரைப் பார்க்கவும்' என்று நாகரிகமான மொழியில் பதிலளித்தார். அவருடைய மாணவர்கள் ஒரு பக்கமும் இவருடைய மாணவர்கள் ஒரு பக்கமும் வரிந்துகட்டினர். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். திட்டிய ஒவ்வொருவரும் காலாண்டிதழைச் சுட்டிக்காட்டியே திட்டினார். தாக்க எண் மாடிப்படி ஏறத் தொடங்கியது.

இயக்குநருக்கு வாயெல்லாம் பல். படியிறங்கி, தலையை இடித்துக்கொண்டு, அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"சார், ஒண்ணை நெருங்கிட்டோம் சார்!"

கற்காலத்தை அவர் 'சார்' என்றது அதுவே முதல் தடவை.

அன்று மாலை கற்காலம் தெருவில் நடந்தார் என்று சொல்வதற்கில்லை, மிதந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் புதிதாக வந்திருந்த ஒரு கட்டுரையை மனைவியின் மேஜையில் விரித்தார். கல்லில் விழுந்த தேய்மானத்தை வைத்தே அதைப் பயன்படுத்தியவரைப் பற்றிச் சொல்லும் ஒரு நிபுணர் எழுதியது.

"கேளும்மா. 'இக்கருவியைப் பயன்படுத்தியவர் இடது கைக்காரர். சிறிய, உருண்டையான, மிகக் கடினமான ஒன்றை ஒரே இடத்தில் வைத்துப் பலகாலம் அடித்திருக்கிறார். அனேகமாகக் கொட்டை. வலப்பக்கத்துப் பெரிய சிதைவு ஒரே அடியில் நிகழ்ந்தது. இது வேலையின் அடையாளம் அன்று, கோபத்தின் அடையாளம்.' எப்பேர்ப்பட்ட மூளை பாத்தியா! லட்ச வருஷத்துக்கு முன்னாடி கோவப்பட்டதைக் கண்டுபிடிக்கிறான்!"

அம்மாள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். மேஜையிலிருந்த கல்லை எடுத்துப் படத்தின் மேலேயே வைத்தார்.

"லட்ச வருஷம் இல்லீங்க. அந்த வெள்ளைத் துணில நீங்க மண்ணைக் கொட்டினீங்களே, அன்னிக்கு."

கற்காலம் அளவுகோலை எடுத்துவந்து கல்லின் மேல் வைத்துப் பார்த்தார், படத்தில் இருந்த அதே அளவு.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் இதழ் போயிற்று. சொல்லாவிட்டால் தம்முடைய பக்கங்களிலேயே தேரளவு பிழை ஒன்று நிற்கும். கமாவுக்கே வருந்தியவர் அவர். பேராசிரியைக்குத் தொலைபேசியில் மெல்ல எடுத்துச் சொன்னார். "என் கல்லு எனக்குத் தெரியாதா? ரெண்டு மாநாட்டுல அதைப் பத்திப் பேசியாச்சு" என்று அவர் இணைப்பைத் துண்டித்தார். இதற்கிடையில் இயக்குநர், நுழைவு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி செய்துவிட்டதாகவும், ஏழாம் கல்லை அதில் வைக்கப் போவதாகவும் சொல்லியனுப்பினார்.

"பேசாம அந்தக் கல்லைக் கொடுத்துட்டா என்ன?" என்று மனைவியிடம் ஆழம் பார்த்தார் கற்காலம். "கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கும்."

"கொடுத்துட்டு பொத்தானை எதால அடிக்கறதாம்? உங்க தலையாலயா?" அம்மாள் தையல் மிதியை நிறுத்தினார். "ஊரு முழுக்கப் போட்ட தப்பை ஊரறியச் சொல்றதுக்குத்தானே கடைசிப் பக்கம் வெச்சிருக்கீங்க? அங்க கமாதான் வரணும்னு சட்டமா?"

கற்காலம் எழுதினார். அவர் வாழ்வில் எழுதிய மிக நீளமான பிழைதிருத்தம். 'ஏழாம் படத்தில் உள்ளது கைக்கோடரி அன்று. துணையாசிரியரின் மனைவி அமுக்குப் பொத்தான் அடிக்கப் பயன்படுத்தும் கல். அவர் இடது கைக்காரர் என்பது உண்மை. பிழைக்கு வருந்துகிறோம்.' கழிவிலிருந்து தேடியெடுத்த உண்மையான ஏழாவது கல்லின் படமும் கூடவே வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இயக்குநர் இம்முறை படியிறங்கி வரவில்லை, மேலிருந்தே கத்தினார். "மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தாச்சு! சாமானைக் கட்டுங்க!"

கற்காலம் பழைய இதழ்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். கண்கள் பளபளத்தன. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. தேய்மான நிபுணர்! கற்காலம் கயிற்றைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த அம்மா நிஜமாவே இடது கையா?"

"மன்னிச்சுடுங்க சார், என் தப்புதான்..."

"தப்பா! என்ன சார் சொல்றீங்க!" நிபுணர் குதித்தார். குதித்ததில் தலை கூரையில் இடித்தது, அவர் பொருட்படுத்தவில்லை. "இத்தனை வருஷமா 'இவன் இடது கை, அவன் கொட்டை உடைச்சான்'னு எழுதறோம். சரியா தப்பான்னு கேக்க ஒருத்தன் உயிரோட இருக்கானா? முதல் தடவையா எங்க கல்லோட சொந்தக்காரி உயிரோட இருக்காங்க! நான் ஏமாந்து சொன்னேன், சார், ஏமாந்தும் சரியாச் சொல்லிட்டேன்! வீடு எங்க இருக்கு?"

இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். "கற்காலம் ஓடுறாரு!" என்று மளிகைக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார். தையல் அறையில் அம்மாள் ஒரு பொத்தானை அடித்துக்காட்ட, நிபுணர் தரையில் மண்டியிட்டு, "இன்னொண்ணு அடிங்கம்மா, இன்னொண்ணு" என்று கைதட்டினார். அம்மாளிடம் தைக்கக் கொடுத்திருந்த சட்டை அத்தனைக்கும் அன்று பொத்தான் வைத்தாயிற்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேய்மானத்தைக் கொண்டு மனிதரைக் கணிக்கும் முறையை நம்பியவர்கள் எல்லோரும் தங்கள் ஆதாரமாக அந்தப் பிழைதிருத்தத்தைச் சுட்டினார்கள். நம்பாதவர்கள், 'கொட்டைக்கும் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாத முறை' என்று நக்கலடிக்க அதையே சுட்டினார்கள். கணக்கு வெளியான அன்று இதழின் எண் ஒன்றைத் தாண்டி நின்றது. இதழின் வரலாற்றில் மிக அதிகம் சுட்டப்பட்ட படைப்பு, கடைசிப் பக்கத்துப் பிழைதிருத்தம். காபி மெஷின் வந்து இறங்கிவிட்டபடியால் வேறு இடமில்லாமல் இயக்குநரின் அறையிலேயே வைத்தார்கள். அது மணிக்கொரு தரம் உறுமும் என்று கேள்வி.

நிபுணரின் புதிய கட்டுரையும் காலாண்டிதழுக்கே வந்தது. அதை எழுதும் முன் அவர் அம்மாளிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"இந்தப் பெரிய வெட்டு மட்டும் கோபம்னு சொல்லியிருந்தேன். சரிதானாம்மா? யார் மேல கோபம்?"

அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர், "டீ ஆறிடும், நான் சூடு பண்ணிட்டு வரேன்" என்று எழுந்துபோய்விட்டார்.

"சரியா ஞாபகம் இல்லீங்க" என்றார் அம்மாள், கல்லைக் கையில் உருட்டியபடி.

கட்டுரையின் இறுதி வரி, 'பெரிய சிதைவின் காரணம் மேலதிக ஆய்வுக்குரியது' என்று முடிந்தது. அது தவறு என்று உலகிலேயே ஓர் ஆணுக்கு மட்டும் தெரியும். சரிவுக்கூரைக்குக் கீழே கூனியபடி அவர் அந்த வரியைப் படித்தார், பேனாவை எடுத்தார், பக்கத்தில் ஒரு டிக் போட்டார். பிரமாதம் என்று எழுதி அச்சுக்கு அனுப்பினார்.