ஹெட்போன் மாட்டிவிட்டவனின் வயிற்றுக் கலக்கம்

ரேடியோ ரிப்பேர்க்காரனுக்குக் கை சுடும், தையல்காரனுக்கு விரல் குத்தும். வீட்டில் வாத்தியம் வாசிப்பவர்களுக்கு ஹெட்போன் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவனுக்கோ எந்நேரமும் வயிற்றைக் கலக்கும். எழுபதுகளில் மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரேடியோ கடையில் அந்த வேலைதான் பார்த்தேன். உங்களில் யாராவது அடுத்தவர் காதில் எதையாவது மாட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் என் நிலைமை புரியும்.

அப்போது எங்களிடம் இருந்தவை இரண்டே ரகம். ஒன்று, பட்டாளத்தில் கழித்துப் போட்டது. இரும்புப் பட்டை, கறுப்பு மூடி, மண்டையைப் பாக்குவெட்டி மாதிரி நெருக்கும். இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து யார் யாரோ கொண்டுவருவது. பஞ்சு வைத்து மெத்தென்று இருக்கும், சத்தமும் தேன். இரண்டுமே என்னைப் பயமுறுத்தியிருக்கின்றன.

மேஜையில் மிச்சமிருந்தது

சேலையூரில் ஸ்டான்லி என்று ஒரு கல்லூரி மாணவன். கிதார் வாசிப்பான். அவன் அப்பாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது. அதனால் பழைய வால்வு ரேடியோ ஒன்றைக் கிதாருக்கு ஏற்றமாதிரி மாற்றி, பட்டாளத்து ஹெட்போன் ஒன்றை அதில் இணைத்துத் தரும்படி கேட்டான். ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

அவன் போய் அரை மணி கழித்து மேஜையைத் துடைக்கிறேன், டீ கிளாஸ் பக்கத்தில் ஒரு கண்டென்சர் கிடக்கிறது. வால்வு செட்டுக்குள் ஓடும் இருநூற்றைம்பது வோல்ட் காதுக்குப் போகாமல் தடுப்பதே அந்தச் சின்ன உருளைதான். அதை வைக்காமலே மூடிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஹெட்போனிலோ ஒயர் மாட்டும் திருகுகள் காதோரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

சைக்கிளை எடுத்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகிறது. பெட்டி ஒவ்வொன்றும் கடக்கும்போது, அவன் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று ஒரு வாக்கியம் தயார் செய்தேன். எதுவும் சரியாக வரவில்லை. சேலையூர் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் அம்மா தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். ஈரத்தரையில் வெறுங்காலோடு ஸ்டான்லி, மடியில் கிதார், செட்டில் விளக்கு எரிகிறது. நான் யாரையும் கேட்காமல் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பிறகுதான் பார்த்தேன், ஹெட்போன் அவன் தலையில் இல்லை, ஜன்னல் கம்பியில் தொங்கியது. அவன் பயந்துபோய் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னான்:

“கோச்சுக்காதீங்கண்ணா, மாட்டலாம்னு பாத்தேன், ரொம்ப இறுக்குது, அதான் அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சிட்டேன்.”

இங்கிலீஷ் பேசும் வீணை

பொழிச்சலூரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கமலா டீச்சர் என்போம். தன் வீணையை டேப்பில் பதிவு செய்து, அதோடு தானே பாடி இன்னொரு டேப்பில் கலப்பார். தம்பி அனுப்பிய சிங்கப்பூர் ஹெட்போன், குறை சொல்ல முடியாத சாமான். ஒருநாள் கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில், “சார், வீணை வாசிக்கிறப்போ காதுக்குள்ள ஒரு ஆம்பளை பேசறார்” என்றார். மாமனார் காலமாகி இரண்டு மாதமாம். அவருக்கு வீணை ரொம்பப் பிடிக்குமாம்.

மறுநாள் நான் போனேன். பட்டப்பகல்தான். ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வீணைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். டீச்சர் ஒரு தந்தியை மீட்டினார். நாதம் அடங்கும் இடத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, கரகரத்த ஒரு குரல் ஏதோ சொன்னது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்து ஓடத்தான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் வீடே அதிர ஒரு விமானம் கூரைக்கு மேலே தாழ்ந்து இறங்கியது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. வீணையில் பொருத்திய மைக்கிலிருந்து டேப் ரெக்கார்டர் வரைக்கும் அறைக்குக் குறுக்கே சாதா ஒயரை நீளமாக இழுத்திருந்தார்கள். அது ஏரியல் மாதிரி நின்று விமானியின் இங்கிலீஷ் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கம்பிவலை உறை போட்ட ஒயராகக் குட்டையாக மாற்றியதும் குரல் நின்றுபோனது. விஷயத்தை விளக்கினேன். டீச்சரின் மாமியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகளிடம் சொன்னார்:

“உங்க மாமாவுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வராதுன்னு நான் முதல்நாளே சொன்னேனா இல்லையா?”

இடது பக்கம் கரகர

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர், புல்புல்தாரா வாசிப்பவர், ஹெட்போனில் கோளாறு என்று கொண்டுவந்தார். காதில் வைத்துப் பார்ப்பதுதானே வழக்கம், தூக்கினேன். எங்கள் கடை முதலாளி சம்பந்தம் எதிரே இருந்து “டேய்!” என்று அலறினார். அந்த அலறலில் கை உதறி, ஹெட்போன் தரையில் விழுந்தது. பஞ்சுக்கு அடியிலிருந்து நிதானமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, கருந்தேள் ஒன்று வெளியே வந்தது. முதலாளி செருப்பால் அடித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காதையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் மட்டும் குனிந்து அதை நன்றாகப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீர்ந்தவராகச் சொன்னார்:

“ஓகோ, ரெண்டு நாளா மாட்டிக்கினா இடது காதுல கரகரன்னு கேட்டுக்கினு இருந்ததே, அது இதானா சார்!”

ரொம்ப நல்ல செட்

முடிச்சூரில் ஒருவர் ஆர்மோனியத்தையும் தபலாவையும் தனித்தனியே பதிந்து கலப்பவர். வெளிச்சத்தம் துளியும் நுழையாத ஹெட்போன் வேண்டும் என்று கேட்டார். நானே தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அந்த வருஷம் நான் கொடுத்ததிலேயே சிறந்தது அதுதான். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி, முழங்கை வரை கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தார். ஸ்டவ் பற்றிக்கொண்டு முந்தானையில் தீப்பிடித்திருக்கிறது. கணவர் அடுத்த அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு தபலாவைக் கலந்துகொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாள் கத்தியது, கதவை உதைத்தது, எதுவும் அவர் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சாக்கைப் போட்டு அணைத்திருக்கிறார்.

‘துளிகூடக் கேக்காது சார்’ என்று பெருமையாகச் சொல்லி விற்றவன் நான்தானே. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஹெட்போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“அவருக்குப் பாட்டும் வேணும், இல்லேன்னு சொல்லல; நான் கூப்பிட்டா கேக்கற மாதிரி, கொஞ்சம் மட்டமான செட்டா ஒண்ணு குடுங்க.”

தேவசகாயம் சாரின் இடது காது

கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார் தேவசகாயம் சார். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர். கிறிஸ்துமஸுக்காக நான்கு குரல்களையும் வீட்டில் பதிந்து, இடதுபக்கம் பெண்கள், வலதுபக்கம் ஆண்கள் என்று ஸ்டீரியோவாகக் கலந்துகொண்டிருந்தார். “இடது பக்கம் சத்தம் கம்மியா இருக்கு தம்பி” என்று ஹெட்போனைத் திருப்பிக் கொண்டுவந்தார். வேறு கொடுத்தேன். அதிலும் இடதுதான். மூன்றாவதிலும் இடது. மூன்றையும் நான் மாட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

நான்காம் முறை வந்தபோது அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஹெட்போனை வலம் இடமாகத் திருப்பி மாட்டினேன். “இப்போ சார்?” “இப்பவும் இடதுதான்.” அப்படியானால் கோளாறு செட்டில் இல்லை. இருபது வருஷமாகக் காதை வைத்துக் குரல்களைக் கோத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? “இந்த செட்டும் சரியில்லை போல சார், வேற வரவழைக்கறேன்” என்றேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். “பொய் சொல்லாதீங்க. ஒயர் எப்பவும் இடது தோள்லதான் விழும். இப்போ வலது தோள்ல விழுந்துச்சு. நீங்க திருப்பி மாட்டினது எனக்குத் தெரியும்” என்றார். ஒயரைச் சுருட்டி மேஜையில் வைத்தார். “மூணு வாரமா இது செட்டோட கோளாறா இருக்கணும்னு ஜெபம் பண்ணிட்டிருந்தேன் தம்பி.”

டாக்டர் நரம்பு என்றார். திரும்பாது என்றும் சொல்லிவிட்டார். அந்தப் பதிவை மட்டும் அவர் விடவில்லை. மாலை ஆறு மணிக்குக் கடை வேலை முடிந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்வேன். வலதை அவர் கேட்டார்; இடதை நான் கேட்டுச் சொன்னேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. இன்னும் கூட்டலாமா என்று அவர் என்னைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் பயந்து செத்தேன். ஒரு மனிதருடைய காதை என் தலையில் வைத்திருக்கிறேனே. கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் போட்டார்கள். நான் பின்வரிசையில் விரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்து, வலது காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டார்:

“பொண்ணுங்க பாடினது அருமைன்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் நிஜத்தைச் சொல்லுங்க, நல்லா இருந்துச்சா?”

காதுக்கு இதமாக இருக்கிறதா என்று தாம்பரத்தில் பாதிப் பேரைக் கேட்டிருப்பேன். அந்த வேலை என் வயிற்றுக்கு இதமாக இருந்த நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.